விற்ற ஆலை, விற்காத மின்சாரம்

தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் உள்ள நியூகாசல் என்ற ஊரை நம்மவர்களில் பலருக்கு 1913ஆம் ஆண்டு வழியாகத் தெரியும். அந்த அக்டோபரில் காந்தியின் தோழர் தம்பி நாயுடுவும் ஒரு கூட்டம் தமிழ்ப் பெண்களும் அங்கே போய், நிலக்கரிச் சுரங்கங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த நம் ஆட்களிடம், ஒப்பந்தம் முடிந்த இந்தியர் மீது போட்ட 3 பவுண்டு வரியை எடுக்கும்வரை சுரங்கத்துக்குள் இறங்காதீர்கள் என்று சொன்னார்கள். அங்கே தொடங்கிய வேலைநிறுத்தம் நட்டால் முழுக்கப் பரவியது. தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போய்த் திரும்பி உயிரை விட்டது இந்தப் போராட்டத்தில்தான்.

இன்று அதே நியூகாசலில் பேச்செல்லாம் இரும்பாலையைப் பற்றி. 2023 நவம்பரில் ஆலையை மூடப்போவதாக ஆர்சலர்மிட்டல் நிறுவனம் அறிவித்தது. சுமார் 3,500 பேருடைய வேலை போகும் என்றார்கள். பிறகு தள்ளிப்போட்டார்கள். 2025 ஜனவரியில் மறுபடி மூடுவோம் என்றார்கள். அந்த ஆண்டே அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் 160 கோடி ராண்டுக்கும் மேல் கடன் வசதி கொடுத்து ஆலையை இன்னும் கொஞ்ச நாள் ஓட வைத்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அது ஒரு காலத்தில் அரசாங்கத்தின் ஆலை. இஸ்கோர் என்ற பெயரில் 1928இல் சட்டம் போட்டு அரசு தொடங்கிய நிறுவனம். 1989இல் அதைப் பங்குச் சந்தையில் விற்றார்கள். விற்று 36 ஆண்டு கழித்து, அதை மூடாமல் இருக்க அரசே பணம் கொடுத்தது. அப்படியானால் 1989இல் அரசு எதை விற்றது, எதை விற்கவில்லை? தென்னாப்பிரிக்காவில் தனியார்மயம் என்றாலே ஒரு பக்கம் "திருட்டு" என்கிறார்கள், இன்னொரு பக்கம் "ஒரே வழி" என்கிறார்கள். இந்தச் சத்தத்துக்கு நடுவே அந்தக் கேள்வி காதில் விழுவதே இல்லை.

கொஞ்சம் பின்னால் போகலாம். மின்சாரத்துக்கு எஸ்காம் 1923, இரும்புக்கு இஸ்கோர் 1928, இவற்றோடு ரயில்வே. இந்த மூன்றும் வெள்ளையர் ஆட்சி தன் மக்களுக்காகக் கட்டியவை. சுரங்கங்களுக்கு மலிவான மின்சாரம் வேண்டும், பண்ணையை இழந்து நகரத்துக்கு வந்த ஏழை வெள்ளையருக்கு வேலை வேண்டும், இவை இரண்டும்தான் நோக்கம். 1924இல் வந்த அரசு "நாகரிகத் தொழிலாளர்" கொள்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி ரயில்வேயில் கறுப்பினத்தாரையும் இந்தியரையும் எடுத்துவிட்டு அந்த இடங்களில் வெள்ளையரை வைத்தார்கள். நட்டால் ரயில் பாதையில் உழைத்தவர்களில் எத்தனையோ பேர் மெட்ராசில் கப்பல் ஏறி வந்த நம் முன்னோர். அந்த வேலை அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

என் தாத்தா டர்பன் மாநகராட்சியில் கேபிள் புதைக்கப் பள்ளம் தோண்டுகிறவர். பிறந்து வளர்ந்தது மேகசின் பேரக்ஸில். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் மாநகராட்சியில் வேலை செய்த தமிழர்களும் தெலுங்கர்களும். 1960களில் அந்தக் குடியிருப்பைக் காலி செய்து எல்லோரையும் டர்பனில் இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். "கார்ப்பரேஷன் வேலை" என்று எங்கள் ஆயா சொல்லும்போது அந்தச் சொல்லில் பெருமையும் இருக்கும், வலியும் இருக்கும். சம்பளம் தவறாமல் வரும், மேலே ஏற மட்டும் முடியாது. அதனால் "அரசு நிறுவனம் மக்கள் சொத்து" என்று யாராவது மேடையில் முழங்கும்போது என்னால் முழு மனதோடு கைதட்ட முடிவதில்லை. எந்த மக்கள் என்று முதலில் கேட்கத் தோன்றுகிறது.

விற்பனையைத் தொடங்கியதும் அதே ஆட்சிதான். நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் சாசோலை 1979இல் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். 1987இல் தனியார்மயத்துக்கென்றே ஒரு வெள்ளை அறிக்கை வந்தது. 1989இல் இஸ்கோர். 1990இல் ரயிலையும் துறைமுகத்தையும் டிரான்ஸ்நெட் என்று ஒரே கம்பெனியாக மாற்றினார்கள். அரசிடம் பணமில்லை, பொருளாதாரத் தடைகள் நெருக்கின என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஆட்சி கைமாறப்போகிறது என்று தெரிந்த காலத்தில், அடுத்து வருகிறவர் கைக்குச் சிக்காதபடி சொத்துகளை வெளியே நகர்த்தினார்கள் என்ற சந்தேகம் அன்றே இருந்தது. எனக்கு அது வெறும் சந்தேகமாகத் தோன்றவில்லை.

இஸ்கோர் விற்பனை எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால் பல விஷயங்கள் புரியும். நாட்டின் இரும்பில் பெரும்பகுதியைச் செய்தது அதுதான். இரும்புத் தாதும் அதனுடையதே. 2001இல் தாதுச் சுரங்கத்தைக் கும்பா என்று தனிக் கம்பெனியாகப் பிரித்தபோதும், ஆலைக்குத் தேவையான தாதை அடக்க விலைக்கு மேல் 3 சதவீதம் மட்டும் வைத்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். சரி, தாது மலிவு, அப்போது இரும்பும் நாட்டுக்குள் மலிவாகக் கிடைத்திருக்க வேண்டும் அல்லவா? கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கினால் என்ன விலை ஆகுமோ, அந்த விலையை இங்கேயே செய்த இரும்புக்கு வைத்தார்கள். வராத கப்பலுக்கும் வாடகை கட்டியது டர்பனில் கதவும் கம்பியும் செய்கிற சின்னப் பட்டறைக்காரன்தான்.

போட்டித் தீர்ப்பாயம் 2007இல் சுமார் 69 கோடி ராண்ட் அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. மற்ற கம்பெனிகளோடு கூடிப் பேசி விலை வைத்தது உள்ளிட்ட வேறு புகார்களில் 2016இல் அந்த நிறுவனம் 150 கோடி ராண்ட் கட்டச் சம்மதித்தது. இதெல்லாம் விற்று ஏறத்தாழ இருபது, முப்பது ஆண்டுக்குப் பிறகு நடந்தவை. விற்கிற அன்றைக்கே நாட்டின் ஆகப் பெரிய இரும்பாலை விலையை எப்படி வைக்கலாம் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதவில்லை. கிணற்றை விற்றேன், தண்ணீரை விற்கவில்லை என்று வழக்காடிய கதை நமக்குத் தெரியும். இங்கே நடந்தது அதற்கும் மேல். கிணறு, தண்ணீர், ஊர்க்காரனுடைய தாகம் எல்லாமே ஒரே பத்திரத்தில் போய்விட்டது.

1994க்குப் பிறகு வந்த அரசின் நிலைமை வேறு. சுரங்கமும் வங்கியும் பெருந்தொழிலும் மக்களுக்கே என்று 1955ஆம் ஆண்டின் சுதந்திர சாசனம் சொன்னது. 1990இல் சிறையிலிருந்து வந்தபோது மண்டேலாவும் அதையேதான் சொன்னார். ஆறே ஆண்டில், 1996இல், ஆளும் கட்சியான ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் 'கியர்' என்ற பொருளாதாரக் கொள்கையை அறிவித்தது. அரசுச் செலவைக் குறைப்பது, அந்நிய முதலீட்டை இழுப்பது, அரசு நிறுவனங்களில் ஒரு பகுதியை விற்பது எல்லாம் அதில் இருந்தன. சாம்பியா போன்ற நாடுகளில் சர்வதேச நிதியமும் உலக வங்கியும் கடனுக்கு நிபந்தனையாக வைத்ததை, இங்கே பெரும்பாலும் தானாகவே செய்தார்கள். 2001 ஆகஸ்ட் 29, 30 தேதிகளில் கொசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பு தனியார்மயத்துக்கு எதிராக நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தியது. அடுத்த நாள் டர்பனில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு தொடங்கியது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன்னோடு சேர்ந்து போராடியவர்களே தெருவில் நின்றது அரசுக்குப் பெரிய சங்கடம்.

அந்தக் காலத்தின் பெரிய விற்பனை, அரசின் தொலைபேசி நிறுவனமான டெல்காம். 1997இல் அதன் 30 சதவீதப் பங்கை அமெரிக்காவின் எஸ்பிசி, டெலிகாம் மலேசியா இரண்டும் சேர்ந்த கூட்டுக்கு 126 கோடி டாலருக்குக் கொடுத்தார்கள். கூடவே ஐந்து ஆண்டுக்குத் தரைவழித் தொலைபேசியில் வேறு யாரும் வரக்கூடாது என்ற ஏகபோகமும். பதிலுக்கு டெல்காம் சுமார் 27 லட்சம் புது இணைப்புகள் போட வேண்டும், அதுவும் பெரும்பாலும் இதுவரை தொலைபேசியே பார்க்காத இடங்களில்.

கேட்க நல்ல பேரமாகத்தான் இருக்கிறது. கம்பிகளை இழுக்கவும் செய்தார்கள். ஆனால் வெளிநாட்டு அழைப்பின் கட்டணம் இறங்க இறங்க, மாத வாடகையும் உள்ளூர் அழைப்புக் கட்டணமும் ஏறின. நிறுவனங்களுக்கு லாபம், வீட்டுக்காரருக்குச் சுமை. கட்ட முடியாதவர்களின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. 2000இல் 55 லட்சத்தை நெருங்கிய இணைப்புகள் மூன்றே ஆண்டில் 50 லட்சத்துக்குக் கீழே வந்தன. 60,000க்கு மேல் இருந்த ஊழியர்கள் 2004 வாக்கில் பாதியளவுக்குக் குறைந்தார்கள். கட்டுப்படுத்த வேண்டிய ஆணையமோ அப்போதுதான் பிறந்த குழந்தை. ஆளும் இல்லை, பணமும் இல்லை. அது கேள்வி கேட்டால் டெல்காம் வழக்கறிஞர்களோடு வரும். 2003இல் மீதியில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தையில் விற்றபோது, 'குலிசா' என்ற திட்டத்தில் முன்பு ஒதுக்கப்பட்ட இனத்தவருக்குத் தள்ளுபடி விலையில் பங்கு கொடுத்தார்கள். எங்கள் தெருவிலும் சிலர் வாங்கினார்கள், சில மாதத்தில் விற்று பிள்ளைகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டினார்கள். எஸ்பிசியும் மலேசியாக்காரர்களும் 2004இல் பங்கை விற்று வெளியேறினார்கள். தரைவழியில் இரண்டாவது கம்பெனி வந்தது 2006இல்தான்.

இங்கே அரசுக்கு ஒரு ஆசை இருந்தது, அதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏகபோகத்தோடு விற்றால் விலை அதிகம் வரும். போட்டியைத் திறந்துவிட்டு விற்றால் குறைவாகத்தான் வரும். கஜானாவைப் பார்க்கும் அமைச்சருக்கு முதல் வழிதான் இனிக்கும். மெக்சிகோவும் 1990இல் டெல்மெக்ஸை இப்படித்தான் விற்றது, ஆறு ஆண்டு தனியுரிமையோடு. அன்றைக்குக் கூடுதலாக வாங்கிய காசை மக்கள் பின்னால் தங்கள் தொலைபேசிக் கட்டணத்தில் திருப்பிக் கட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத வரி என்று நான் இதைச் சொல்வேன்.

தென்னாப்பிரிக்க ஏர்வேஸின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1999இல் 20 சதவீதத்தைச் சுவிஸ்ஏர் வாங்கியது, 2001இல் சுவிஸ்ஏரே விழுந்தது, அரசு பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2021இல் 51 சதவீதத்தை 51 ராண்டுக்கு ஒரு கூட்டுக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். 2024 மார்ச்சில் அதுவும் நின்றது.

எஸ்காமுக்கு வருவோம், ஏனென்றால் இதுதான் எல்லோர் வீட்டையும் தொட்டது. எஸ்காமை யாரும் விற்கவில்லை. ஆனாலும் தனியார்மயம் அதைக் காயப்படுத்தியது. அது எப்படி?

1970, 80களில் தேவைக்கு மேல் அனல்மின் நிலையங்களைக் கட்டியதால் 1990களில் மின்சாரம் உபரி. உலகத்திலேயே மலிவான மின்சாரங்களில் ஒன்று. புது அரசு அதை வைத்து ஒரு பெரிய வேலை செய்தது. 1996 மக்கள்தொகைக் கணக்கில் 58 சதவீத வீடுகளில்தான் மின்விளக்கு, 2011இல் 85 சதவீதம். இதைச் செய்தது ஒரு அரசு நிறுவனம்தான் என்பதை மறக்கக் கூடாது. லாபம் பார்க்கும் கம்பெனி குக்கிராமத்துக்குக் கம்பம் நட்டிருக்காது.

1998இல் எரிசக்தி வெள்ளை அறிக்கை வந்தது. உபரி 2007 வாக்கில் தீர்ந்துவிடும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அரசின் திட்டம் என்னவென்றால், எஸ்காமின் உற்பத்தியில் 30 சதவீதத்தைத் தனியாருக்கு விடுவது, புது மின்நிலையங்களையும் தனியாரே கட்டுவது. அதனால் எஸ்காமைப் புதிதாகக் கட்ட வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். முதலீட்டாளர் வருவார் என்று காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. ஏன் வருவார்கள்? பழைய, கடன் தீர்ந்த நிலையங்களிலிருந்து எஸ்காம் விற்கும் விலைக்குப் புது நிலையம் கட்டி விற்றால் நஷ்டம்தான். யார் வாங்குவார்கள், எத்தனை ஆண்டு, என்ன விலை என்று உத்தரவாதமும் இல்லை. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாள் என்பார்களே, அந்த நிலைமை. அப்படியே ஆண்டுகள் ஓடின. 2004இல்தான் எஸ்காமே கட்டட்டும் என்று முடிவை மாற்றினார்கள்.

2007 கடைசியில் விளக்கு அணையத் தொடங்கியது. புது நிலையம் கட்ட வேண்டும் என்று எஸ்காம் சொன்னது சரி, அரசுதான் தவறு செய்தது என்று அதிபர் ம்பெக்கி அந்த டிசம்பரில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2008 ஜனவரியில் தங்கச் சுரங்கங்களே சில நாள் நின்றன. இதற்கிடையே அவசர அவசரமாக மெடுபி, குசிலே என்று இரண்டு மாபெரும் நிலையங்கள், ஒவ்வொன்றும் 4,800 மெகாவாட் அளவில். அவசரத்தில் கட்டும் வீடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். கொதிகலன் ஒப்பந்தம் பெற்ற ஹிட்டாச்சியின் உள்நாட்டுக் கிளையில் ஆளும் கட்சியின் முதலீட்டு நிறுவனத்துக்கு 25 சதவீதப் பங்கு இருந்தது. இது தொடர்பாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு ஹிட்டாச்சி 2015இல் 1.9 கோடி டாலர் கட்டியது. கட்டணமோ 2008இல் 27 சதவீதம், 2009இல் 31 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டும் ஏறத்தாழ 25 சதவீதம் என்று ஏறியது. அதன் பிறகு, அதிபர் ஜுமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்கள் குப்தா சகோதரர்கள் காலத்தில் நிறுவனத்தை உள்ளிருந்தே எப்படிக் கொள்ளையடித்தார்கள் என்பதை ஜோண்டோ விசாரணை ஆணையம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. எஸ்காம் கடன் 40,000 கோடி ராண்டைத் தாண்டியது. 2023இல் அரசு 25,400 கோடி ராண்ட் கடனைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. அந்த ஆண்டு 300 நாளுக்கு மேல் மின்வெட்டு.

இதில் எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், கடைசியில் தனியார்மயம் நடந்தேவிட்டது. சட்டம் போட்டு நடந்ததல்ல, கூரை கூரையாக நடந்தது. 2021இல் உரிமம் இல்லாமல் சொந்தமாக மின்சாரம் தயாரிக்கும் வரம்பை 1 மெகாவாட்டிலிருந்து 100ஆக உயர்த்தினார்கள், பிறகு வரம்பையே எடுத்தார்கள். 2024இல் நாட்டின் கூரைச் சூரியத் தகடுகள் 5,000 மெகாவாட்டைத் தாண்டின. உம்லங்காவில் தனி வீடு வைத்திருப்பவர் தகடும் பேட்டரியும் போட்டுக்கொண்டார். சாட்ஸ்வொர்த்தில் மாடிக் குடியிருப்பில் இருப்பவருக்குக் கூரையே சொந்தமில்லை. பொது மின்கம்பியின் செலவு, அதை விட்டுப் போக முடியாதவர்கள் தலையில் விழுகிறது. இதைப் பற்றி யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. 2000இல் குவாசுலு-நட்டாலில் காலரா பரவியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு நோய், 200க்கு மேற்பட்டோர் சாவு. முன்பு இலவசமாக வந்த குழாய்த் தண்ணீருக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்று மாற்றியதால், ந்க்வெலேசானே பகுதியில் ஏழைகள் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். அந்தத் தண்ணீர் தனியாரிடம் இல்லை, அரசு அமைப்புகளிடம்தான் இருந்தது. அதே காலத்தில் சாட்ஸ்வொர்த்தின் பேவியூ பக்கம் வாடகையும் தண்ணீர்ப் பணமும் கட்டாதவர்களை வெளியேற்ற வந்தபோது, வழி மறித்து நின்றது நம் பெண்களும் ஆப்பிரிக்கப் பெண்களும் சேர்ந்துதான். பெயர்ப்பலகையில் அரசு என்று இருந்தாலும் உள்ளே கணக்கு வேறு மாதிரி ஓடலாம் என்பதை நான் புரிந்துகொண்டது அப்போதுதான்.

நியூகாசலுக்கு இப்போது திரும்பினால் முடிச்சு தெரியும். ஆலையை ஏன் மூடுகிறோம் என்று நிறுவனம் சொன்ன காரணங்களில் மின்கட்டணமும் சரக்கு ரயிலின் நிலைமையும் இருந்தன. சீன இறக்குமதியும் உள்நாட்டுத் தேவை சுருங்கியதும் சேர்ந்தவைதான், ஆனால் விற்ற ஆலையின் கழுத்தை விற்காத மின்சாரமும் விற்காத ரயிலும் நெரித்தன. டிரான்ஸ்நெட் 2014இல் 1,064 ரயில் எஞ்சின்களை 5,400 கோடி ராண்டுக்கு வாங்கியதில் நடந்த ஊழலுக்கும், நியூகாசலில் ஒரு குடும்பத்தின் சம்பளம் நின்றுபோவதற்கும் நேரான பாதை இருக்கிறது.

இப்போது முறை டர்பன் துறைமுகத்துடையது. 1860 நவம்பர் 16இல் டிரூரோ கப்பல் நம்மவர்களைக் கொண்டுவந்து சேர்த்த அதே துறைமுகம். 2023 நவம்பரில் வெளியே 60க்கு மேற்பட்ட கப்பல்கள் வரிசையில் நின்றன. உலக வங்கியின் 2023ஆம் ஆண்டுக் கொள்கலன் துறைமுகத் தரவரிசையில் டர்பனும் கேப்டவுனும் கடைசி இடங்களில் இருந்தன. அதற்கு முன்பே, 2023 ஜூலையில், நாட்டின் கொள்கலன்களில் பாதியளவைக் கையாளும் இரண்டாம் முனையத்துக்குப் பிலிப்பைன்ஸின் ஐசிடிஎஸ்ஐ நிறுவனத்தைக் கூட்டாளியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 25 ஆண்டு ஒப்பந்தம், 1,100 கோடி ராண்ட் முதலீடு, டிரான்ஸ்நெட்டுக்குப் பாதிக்கு மேல் ஒரே ஒரு பங்கு கூடுதல். ஏலப் போட்டியில் தோற்ற மெர்ஸ்க் குழுமத்து நிறுவனம் வழக்குப் போட்டது. 2025 அக்டோபரில் டர்பன் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

இந்த ஒப்பந்தத்தை நான் எதிர்க்கவில்லை. பழுதான பாரந்தூக்கிகளோடு இன்னும் பத்து ஆண்டு கிடப்பதால் யாருக்கும் லாபமில்லை. நிலம் அரசிடமே இருக்கிறது, கூட்டு நிறுவனத்தில் பெரும்பான்மையும் அரசிடம் இருக்கிறது, காலக்கெடு இருக்கிறது. இஸ்கோரை விற்ற விதத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

எனக்குப் பயம் ஒரே இடத்தில்தான். டர்பனில் துறைமுக ஒழுங்குமுறை ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. அது துறைமுக அதிகாரசபை வாங்கும் கட்டணத்தைத்தான் நிர்ணயிக்கிறது. கொள்கலனை இறக்கி ஏற்ற முனையம் வாங்கும் கூலி அதன் கைக்குள் இல்லை. முனையம் டிரான்ஸ்நெட்டிடம் மட்டும் இருந்தவரை இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் கடைகளுக்கு வரும் பருப்பு, மிளகாய்த்தூள், பட்டறைக்கு வரும் உதிரிப் பாகம் எல்லாவற்றின் விலையிலும் அந்தக் கூலி ஒளிந்திருக்கிறது. 2024 ஜூனில் அதிபர் கையெழுத்திட்ட போக்குவரத்துப் பொருளாதார ஒழுங்குமுறைச் சட்டம் ரயில், துறைமுகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆணையத்தைக் கொண்டுவருகிறது. அதில் யார் உட்காரப்போகிறார்கள், எத்தனை பொறியாளரும் கணக்காளரும் அதற்குக் கிடைப்பார்கள், கூலிக் கணக்கைக் கொண்டுவா என்று முனையத்தைக் கேட்க அதற்குத் துணிவு இருக்குமா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். டெல்காமைக் கேள்வி கேட்க வேண்டிய ஆணையம் ஆளும் பணமும் இல்லாமல் நின்றதை ஒருமுறை பார்த்தாகிவிட்டது. புதுப் பாரந்தூக்கிகள் வந்து இறங்குவதற்கு முன்னால் அந்த அலுவலகத்தில் விளக்கு எரிய வேண்டும்.